றவுட்டரின் திறப்பு வீட்டில் இருக்க வேண்டும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து மேற்கே செல்லும் வீதியில், அல்லைப்பிட்டிக்கும் வேலணைக்கும் இடையில் அமைந்த மண்கும்பான், வெள்ளைப் புற்றடி விநாயகர் ஆலயத்தாலும் மணற்பாங்கான நிலத்தாலும் அறியப்பட்ட சிற்றூராயினும், 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் அதன் உறவுகள் ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன், சூரிச் என்று உலகெங்கும் பரந்துவிட்டன. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கான தொலைபேசித் தொடர்பு பல ஆண்டுகள் துண்டிக்கப்பட்டிருந்ததனால், கடிதத்தை நம்பியும், வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய்த் தொலைபேசி நிலையங்களில் காத்திருந்தும் பிள்ளைகளின் குரலைக் கேட்ட தலைமுறை, யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்தில் இன்னும் வாழ்கிறது. அந்தத் தலைமுறைக்கு இன்று கடல் கடந்த பிள்ளைகளின் முகத்தைக் காட்டுவது சுவரோரம் விளக்குகள் மினுங்க இருக்கும் ஒரு சிறு பெட்டி. சேவை வழங்கும் நிறுவனத்தின் வலையமைப்பை ஒரு பக்கமும், வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கமரா ஆகியவற்றை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொரு தரவுப் பொதியும் எங்கே போக வேண்டுமென்று தீர்மானித்து அனுப்பும் இக்கருவியையே றவுட்டர் என்கிறோம். அதற்குள் அதன் இயக்கம் முழுவதையும் ஆளும் நிர்வாகப் பக்கம் ஒன்று உண்டு என்பதும், வீட்டின் வாசற்கதவைப் போலவே அதற்கும் ஒரு திறப்பு உண்டு என்பதும், அத்திறப்பு வீட்டாரிடம் இல்லாவிட்டால் வேறெவரிடமோ இருக்கக்கூடும் என்பதும் பல வீடுகளில் இன்னும் அறியப்படாமலே இருக்கின்றன.

நிர்வாகப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, முகவரிகளைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். இணையத்தோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி தேவைப்படுகிறது. நான்காம் பதிப்பு நெறிமுறையின்படி அமையும் இம்முகவரிகள் மொத்தமாகவே ஏறத்தாழ 429 கோடிதான் என்பதனால், வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் உலகப் பொது முகவரி ஒன்றை வழங்க இயலாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது. ஆகவே, ஒரு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வெளியில் ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, உள்ளேயுள்ள கருவிகளுக்குத் தனிப்பட்ட முகவரிகளை வழங்கி, உள்ளும் வெளியும் செல்லும் பொதிகளின் முகவரியை வாசலிலேயே மாற்றியெழுதும் முறை 1994 இல் முன்வைக்கப்பட்டது. 1996 பெப்ரவரியில் வெளியான வரையறையொன்று 192.168 எனத் தொடங்கும் தொகுதியையும், 10 எனத் தொடங்கும் தொகுதியையும், 172.16 முதல் 172.31 வரையான தொகுதியையும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கென ஒதுக்கியது. மண்கும்பானில் ஒரு வீட்டு றவுட்டரும் ரொறன்ரோவில் அதே குடும்பத்தின் றவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை ஒரே நேரத்தில் வைத்திருந்தும் குழப்பம் நேராதிருப்பதற்கு இதுவே காரணம். அம்முகவரி அந்தந்த வீட்டின் எல்லைக்குள் மட்டுமே பொருளுடையது.

எனவே, நிர்வாகப் பக்கத்தைத் திறக்க விரும்புபவர் முதலில் அந்த வீட்டின் வைபை இணைப்பிலோ, றவுட்டரிலிருந்து நேராக வரும் வடத்திலோ இணைந்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் சிம் தரவு இயங்கிக்கொண்டிருந்தால் சில தொலைபேசிகள் கோரிக்கையை அந்த வழியாகவே அனுப்பிவிடுவதனால், அதனைத் தற்காலிகமாக நிறுத்திவிடுவது நல்லது. முகவரி பெரும்பாலும் றவுட்டரின் அடிப்பக்கத்திலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் சிட்டையில் அச்சிடப்பட்டிருக்கும், 192.168.1.1, 192.168.0.1 ஆகிய இரண்டும் பரவலானவை, சிம் அட்டையில் இயங்கும் ஹுவாவி கருவிகள் பலவற்றில் 192.168.8.1 இருக்கும். சிட்டை அழிந்துபோயிருந்தால், கைத்தொலைபேசியின் வைபை அமைப்புகளுக்குள் சென்று, இணைந்திருக்கும் வலையமைப்பின் விபரங்களைத் திறந்து பார்த்தால் "கேட்வே" அல்லது "றவுட்டர்" என்ற பெயரின் எதிரே அந்த எண் காணப்படும். இந்த எண்ணைத் தேடற்பெட்டியில் தட்டெழுதினால் தேடுபொறி அதனைப் பற்றிய விளம்பரங்களையும் விளக்கங்களையுமே கொண்டுவந்து நிறுத்தும். உலாவியின் மேற்பகுதியிலுள்ள முகவரிப் பட்டையில், புள்ளிகளோடு, இடைவெளியின்றி எழுதினால்தான் றவுட்டர் பதிலளிக்கும். அப்போது "இத்தளம் பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை தோன்றலாம். வெளியுலகத் தளங்களின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வீட்டுக்குள்ளிருக்கும் ஒரு பெட்டிக்கு வழக்கமாக வழங்கப்படுவதில்லை என்பதே அதன் காரணம் என்பதனால், முகவரியைத் தாமே சரியாக எழுதியவர் அச்சமின்றித் தொடரலாம்.

அடுத்து வருவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் படிவம். இவ்விடத்திலேயே பெரும்பாலோர் குழம்பிவிடுகின்றனர், ஏனெனில் ஒரு றவுட்டருக்குக் கடவுச்சொற்கள் இரண்டு உண்டு. வீட்டுக்கு வரும் விருந்தினர் கேட்டு வாங்குவது வைபை கடவுச்சொல். அது அலைவழி இணைப்பில் சேர்வதற்கு மட்டுமே உதவும். நிர்வாகக் கடவுச்சொல் என்பது வேறு: அதனைக் கொண்டவர் வைபை கடவுச்சொல்லையே மாற்றலாம், வீட்டாரைத் தடுக்கலாம், வெளியாருக்கு வழிவிடலாம், வீட்டின் போக்குவரத்தைத் தாம் விரும்பிய திசையில் திருப்பலாம். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது பல றவுட்டர்கள் பயனர் பெயராக "அட்மின்" என்பதையும், கடவுச்சொல்லாகவும் அதே சொல்லையும் கொண்டு வந்தன. புதிய கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான கடவுச்சொல் சிட்டையில் அச்சிடப்படுகிறது. சேவை வழங்குநர் கொடுக்கும் கருவிகளில் பெரும்பாலும் இரு மட்டக் கணக்குகள் இருக்கும். வாடிக்கையாளருக்குரிய கணக்கில் சில பக்கங்கள் மட்டும் தெரிய, முழு அதிகாரம் கொண்ட கணக்கு நிறுவனத்திடமே இருக்கும். வலையமைப்பின் அடிப்படை அமைப்புகளைத் தெரியாமல் மாற்றி இணைப்பையே இழந்துவிடாதிருக்க அது ஒரு காப்பு என்று ஏற்கலாம். ஆயினும், வாடிக்கையாளருக்குரிய கணக்கின் கடவுச்சொல்லையேனும் பொருத்த வரும் ஊழியர் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். கேட்டுப் பெறுவது வீட்டாரின் உரிமை.

கடவுச்சொல் மறந்துபோனால் பின்புறத்திலுள்ள சிறு துளைக்குள் ஊசியை விட்டு, ஏறத்தாழ 10 வினாடிகள் அழுத்திப் பிடித்துத் தொழிற்சாலை நிலைக்கு மீட்கலாம் என்று பலரும் அறிவுரை கூறுவர். அது உண்மையே என்றாலும், மீட்கும் செயல் கடவுச்சொல்லோடு சேர்த்து எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. சிம் அட்டையில் இயங்கும் கருவி பெரும்பாலும் தானாகவே மீண்டும் இணைந்துகொள்ளும். பைபர் அல்லது தொலைபேசிக் கம்பி வழியான இணைப்பிலோ, நிறுவனம் வழங்கிய பயனர் அடையாளமும் இணைப்புச் சொல்லும் கருவிக்குள் பதிந்திருக்கக்கூடுமாதலால், அவை அழிந்தால் இணைப்பு முழுவதும் நின்றுவிடும். பழுது பார்ப்பவர் பாலம் கடந்தோ, நயினாதீவு, நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் படகேறியோ வந்து சேரும்வரை வீடு காத்திருக்க நேரும். ஆகவே பைபர் இணைப்பில், நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துக் கேட்காமல் அந்தத் துளையைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதனால் என்ன நேரும் என்ற ஐயத்துக்கு 2016 ஆம் ஆண்டு தெளிவான விடையைத் தந்தது. மிராய் என்று பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்று இணையம் முழுவதையும் துழாவி, கண்காணிப்புக் கமராக்கள், பதிவுக் கருவிகள், வீட்டு றவுட்டர்கள் ஆகியவற்றின் கதவைத் தட்டியது. அதன் கையில் இருந்தவை 60க்குச் சற்று அதிகமான தொழிற்சாலைப் பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் மட்டுமே. அந்தச் சிறு பட்டியலைக் கொண்டே அது இலட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தியது. இணையப் பெயர்களுக்குரிய எண்களைத் தேடித் தரும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது அவற்றை ஒன்றாக ஏவியபோது, 2016 ஒக்ரோபர் 21 அன்று டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிட்டாமற் போயின. அவ்வாண்டு நவம்பரில் அதன் திரிபு ஒன்று, நிறுவனங்கள் தொலைவிலிருந்து றவுட்டர்களைப் பராமரிக்கப் பயன்படுத்தும் வழியூடாகவே புக முயன்றதில், ஜேர்மனியின் டொய்ச்ச டெலிகொம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் இணைப்புகள் தடைப்பட்டன. அடுத்த ஆண்டு யூலையில் இந்தியாவின் பி.எஸ்.என்.எல். நிறுவன வாடிக்கையாளர்களின் மொடெம்கள் பெருந்தொகையாக முடங்கின. அங்கும் தொழிற்சாலைக் கடவுச்சொற்களே தீநிரலுக்கு வழிவிட்டன என்பது தெரியவந்து, அவற்றை உடனே மாற்றுமாறு நிறுவனம் மக்களைக் கேட்டுக்கொண்டது.

தீவகத்துச் சிறு வீடொன்றில் யார் என்ன எடுக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் இந்நிகழ்வுகளின் முன் நிற்காது. தாக்குபவர் எந்த வீட்டையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. நிரல் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. பிரேசிலில் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 45 இலட்சம் வீட்டு மொடெம்களின் ஓர் அமைப்பு மட்டும் இரகசியமாக மாற்றப்பட்டது: தளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் பெயர்ச் சேவகத்தின் முகவரி அது. அதன்பின் அவ்வீட்டார் தம் வங்கியின் பெயரைச் சரியாகவே எழுதினாலும், மொடெம் அவர்களைப் போலித் தளத்துக்கு அழைத்துச் சென்றது. கணினியில் எத்தனை வைரசு எதிர்ப்பு மென்பொருள் இருந்தும் பயனில்லை, ஏனெனில் கணினியில் எக்குறையும் இருக்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக் கைத்தொலைபேசியின் வங்கிச் செயலியில் பார்க்கும் பெற்றோர் வாழும் ஊருக்கு இந்த எடுத்துக்காட்டு மிகவும் பொருந்துகிறது. நிர்வாகப் பக்கத்தில், இந்தப் பெயர்ச் சேவகத்தைக் குறிக்கும் "டி.என்.எஸ்." என்ற தலைப்பின் கீழுள்ள எண்களை ஒருமுறை குறித்துவைத்து, பின்னொரு நாள் அவை காரணமின்றி மாறியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எவருக்கும் இயலும்.

இத்தகைய நிகழ்வுகளின் விளைவாகவே சட்டங்களும் வந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி 1 முதலும், பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்பது தடுக்கப்பட்டது. ஆயினும் அச்சட்டங்களுக்கு முன் வாங்கிய பழைய கருவியை, நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று எண்ணி ஊருக்குக் கொண்டுவந்து பொருத்தினால், அந்தப் பழைய குறையும் கூடவே வந்து சேர்கிறது.

தீவகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே தனியாகப் பேசப்பட வேண்டியது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள், வயதான பெற்றோரின் நலனைப் பார்க்கவும், பூட்டிக் கிடக்கும் வீட்டையும் வளவையும் கவனிக்கவும் கமராக்களைப் பொருத்திச் செல்வது வழக்கமாகிவிட்டது. வீட்டின் உள்முகவரிகள் வெளியே தெரியாதவை என்பதனால், பாரிசிலிருந்து அக்கமராவைப் பார்க்க ஏதேனும் ஒரு வழி திறக்கப்பட வேண்டும். பழைய வழி, றவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் "போர்ட் போர்வர்டிங்" என்ற அமைப்பின் மூலம், வெளியிலிருந்து குறித்த எண்ணுள்ள வாயிலுக்கு வரும் எந்தக் கோரிக்கையையும் கமராவிடம் அனுப்புமாறு பணிப்பது. அவ்வாறு திறந்த வாயில் பிள்ளைக்கு மட்டும் திறந்ததன்று. உலகிலுள்ள எவருக்கும் திறந்தது, மிராய் தேடிச் சென்றதும் இவ்வகை வாயில்களையே. சிம் அட்டை இணைப்புகளில் இவ்வழி பெரும்பாலும் செல்லாது. ஏனெனில் தொலைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்துகின்றன. றவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையான எண்ணிலோ தொடங்கினால், வீடு அத்தகைய கூட்டு முகவரியின் பின்னால் இருக்கிறதென்று பொருள், 100.64 இல் தொடங்கும் தொகுதி இதற்கென்றே 2012 இல் ஒதுக்கப்பட்டது. இத்தகைய வீடுகளில் கமரா தானே வெளியே சென்று தன் உற்பத்தியாளரின் சேவகத்தோடு தொடர்புகொள்ள, பிள்ளையின் தொலைபேசியும் அதே சேவகத்தினூடாகக் காட்சியைப் பெறுகிறது. இது வாயிலைத் திறந்து வைப்பதிலும் மேலானது என்றாலும், வீட்டின் காட்சி மூன்றாம் தரப்பு ஒன்றின் வழியாகப் போகிறது என்பதனால், கமராவின் கடவுச்சொல்லையும் செயலிக் கணக்கின் கடவுச்சொல்லையும் வலுவாக அமைப்பது இன்றியமையாதது.

கமரா பொருத்துபவர்கள் வேலை இலகுவாக முடிய வேண்டுமென்று "யூ.பி.என்.பி." என்ற அமைப்பை இயக்கிவிட்டுச் செல்வதுண்டு. வீட்டுக்குள்ளிருக்கும் எந்தக் கருவியும் எவரையும் கேட்காமலே றவுட்டரில் வாயில் திறந்துகொள்ள அது அனுமதிக்கிறது. "ரிமோட் மனேஜ்மன்ட்" என்ற அமைப்போ நிர்வாகப் பக்கத்தையே வெளியுலகுக்குக் காட்டுகிறது. இவ்விரண்டும் தேவையற்றவையாயின் நிறுத்தப்பட வேண்டும். முதியோர் மட்டும் வாழும் வீட்டில் இவை தேவைப்படுவது மிக அரிது. பெற்றோரின் முற்றத்தைப் பார்க்கும் உரிமை பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

வைபை பக்கத்துக்கு வந்தால், பார்க்க வேண்டியவை சிலவே. அலைவழியில் செல்லும் தரவை மறைகுறியாக்கும் முறைகளில் முதலாவதான "டபிள்யூ.ஈ.பி." 1997 இல் வந்து 2001 இல் உடைக்கப்பட்டது, 2004 இல் வந்த "டபிள்யூ.பி.ஏ.2" இன்றும் போதுமான காப்பைத் தருகிறது; 2018 இல் அறிவிக்கப்பட்ட "டபிள்யூ.பி.ஏ.3" கருவிகள் ஏற்குமாயின் அதனிலும் மேலானது. ஒரு பொத்தானை அழுத்தியோ எட்டிலக்க எண்ணை எழுதியோ இணைய உதவும் "டபிள்யூ.பி.எஸ்." முறையை நிறுத்திவிடுவது நல்லது. அந்த எட்டிலக்கத்தில் கடைசி இலக்கம் முன்னவற்றிலிருந்து கணக்கிடப்படுவதும், எஞ்சிய ஏழும் நான்கு, மூன்று என இரு கூறுகளாகத் தனித்தனியே சரிபார்க்கப்படுவதும் 2011 இறுதியில் வெளிப்படுத்தப்பட்டன. அதனால் 11,000 முயற்சிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. வைபை கடவுச்சொல்லாக வீட்டுத் தொலைபேசி எண்ணையோ பேரப்பிள்ளையின் பெயரையோ வைப்பது ஊரில் எல்லோரும் அறிந்த ஒன்றை இரகசியம் என்று நம்புவதாகும். தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் வீட்டாருக்கு நினைவிருக்கும், பிறருக்கு ஊகிக்க இயலாது.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கும், அதனையடுத்து நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும் உறவினரால் வீடு நிறையும்போது, ஒவ்வொருவரும் முதலில் கேட்பது வைபை கடவுச்சொல்லாகவே இருக்கும். பல றவுட்டர்களில் இதற்கென விருந்தினர் வலையமைப்பு என்ற வசதி உண்டு. வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொண்ட அதில் சேருவோர் இணையத்தைப் பயன்படுத்தலாமேயன்றி, வீட்டின் கமராவையோ பிற கணினிகளையோ அணுக முடியாது. விழாக்காலம் முடிந்ததும் அதனை நிறுத்திவிட்டால் போதும். வீட்டுக் கருவிகளின் கடவுச்சொல்லை ஒவ்வொன்றாக மாற்றும் தொல்லை வராது. இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும், அன்றன்று செலவாகும் தரவின் அளவையும் அதே நிர்வாகப் பக்கம் காட்டும் என்பதனால், மாத நடுவிலேயே தரவு முடிந்துபோகும் வீடுகள் காரணத்தை அங்கேயே தேடலாம்.

பாதுகாப்புக்கு அடுத்தபடியாக, தீவகத்தில் நிர்வாகப் பக்கம் மிகுந்த பயன் தருவது சமிக்ஞையின் வலுவை அளப்பதில்தான். சிம் அட்டை றவுட்டரின் முகப்பிலுள்ள கோடுகள் நான்கும் எரிகின்றன, இணைப்போ மந்தமாக இருக்கிறது என்ற முறைப்பாடு பரவலானது. கோடுகள் பருமட்டானவை, நிலைப் பக்கத்திலுள்ள எண்களே உண்மையைச் சொல்லும். "ஆர்.எஸ்.ஆர்.பி." என்ற அளவு கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞையின் வலுவை எதிர்மறை எண்ணாகக் காட்டுகிறது, பூச்சியத்தை நெருங்கும்தோறும் அது சிறப்பாகும். −80 நல்ல நிலை, −110 மிகவும் நலிந்த நிலை. அளவுகோல் பத்துக்கு ஒருமுறை பத்து மடங்காகப் பெருகுவதனால், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 30 அன்று, 1,000 மடங்கு. "எஸ்.ஐ.என்.ஆர்." என்ற மற்றோர் அளவு, வேண்டிய சமிக்ஞை இரைச்சலைக் காட்டிலும் எவ்வளவு மேலோங்கியிருக்கிறதெனக் காட்டுகிறது, அது 20ஐத் தாண்டினால் மிக நன்று, பூச்சியத்துக்குக் கீழே போனால் இணைப்பு தடுமாறும். வலு நன்றாக இருந்தும் இரண்டாம் அளவு தாழ்ந்திருந்தால், பல கோபுரங்களின் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று கொள்ளலாம். றவுட்டரைச் சற்றுத் திருப்பி வைப்பதும் அறையை மாற்றுவதும் அப்போது பெரும் மாற்றத்தைத் தரக்கூடும்.

ஏற்ற இடத்தைக் கண்டறியும் முறையும் எளியது. றவுட்டரை முதலில் நடு அறையிலும், பின்னர் ஒவ்வொரு சன்னலோரத்திலும் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பொறுத்து இவ்விரு எண்களையும் தாளில் குறித்துக்கொண்டால், எந்தத் திசை நல்லதென்று எண்களே காட்டிவிடும். தகரக் கூரையும் உலோகக் கதவும் வானலையைப் பெரிதும் தடுக்கும். பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்களும் அதனை நலிவடையச் செய்யும். உயரமான சன்னலோரத்தில் இருக்கும் றவுட்டர் மேசைக்கடியில் இருப்பதைக் காட்டிலும் சிறந்து இயங்குவது இதனாலேயே. வெளியே அன்ரெனா பொருத்துவோர் கடற்காற்றின் உப்பு இணைப்பு முனைகளை அரித்துவிடும் என்பதை எண்ணி, அவற்றை நீர் புகாத நாடாவால் சுற்றவும் ஆண்டுக்கொருமுறை பார்க்கவும் வேண்டும். வீட்டுக்குள் பரவும் வைபையைப் பொறுத்தவரை, அடுக்குமாடி நகரங்களுக்குச் சொல்லப்படும் அலைவரிசை அறிவுரைகள், ஒவ்வொரு வீடும் தனி வளவில் நிற்கும் இவ்வூர்களுக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. இங்கே அயலாரின் குறுக்கீட்டைக் காட்டிலும் தூரமே சிக்கல். ஆகவே வேகம் வேண்டிய அறைக்குள் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையும், கிணற்றடியும் படலையடியும் வரை எட்ட வேண்டிய கமராவுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையும் ஏற்றவை.

கருவியை இயக்கும் உள்மென்பொருளைப் புதுப்பிப்பது பெரும்பாலும் மறக்கப்படும் கடமை. 2018 மே மாதத்தில் வெளிப்பட்ட வி.பி.என். பில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் றவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. றவுட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்குமாறு அமெரிக்காவின் எப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. நிறுத்தி இயக்குவது நினைவகத்தில் இருக்கும் தீநிரலை மட்டுமே அகற்றும். அது நுழைந்த ஓட்டையை அடைப்பது புதுப்பித்தலே. நிர்வாகப் பக்கத்தில் "பர்ம்வெயார் அப்டேட்" அல்லது "சிஸ்டம் அப்டேட்" என்ற இடத்தில் இதனைச் செய்யலாம். புதுப்பிப்பு நடக்கும் நிமிடங்களில் மின் தடைப்பட்டால் கருவி இயங்காமலே போய்விடக்கூடும் என்பதனால், மின்னலும் மழையுமான நாட்களைத் தவிர்ப்பது நன்று. பெரும்பாலான றவுட்டர்கள் 12 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவதனால், கடைகளில் கிடைக்கும் சிறு மின்கலப் பெட்டியொன்று அந்த நேரத்தையும் வழக்கமான மின்வெட்டுகளையும் தாங்கும். உற்பத்தியாளர் புதுப்பிப்பதை நிறுத்திவிட்ட பழைய கருவியை மாற்றிவிட வேண்டும். அந்தச் செலவு வீணன்று.

நிர்வாகப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பது தீவகத்து முதியோருக்கு உண்மையான தடை. தமிழ் எழுத்திலேயே ".இலங்கை" என்ற இணைய முகவரி 2010 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், வீடு வீடாக வழங்கப்படும் கருவியின் பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் இல்லாதிருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை, சேவை நிறுவனங்கள் தாம் கொள்வனவு செய்யும் உற்பத்தியாளரிடம் இதனைக் கோர வேண்டும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதனை வலியுறுத்த வேண்டும். அதுவரை பக்கங்களின் படத்தைப் பிடித்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறதெனத் தமிழில் எழுதி ஒரு கொப்பியில் ஒட்டி வைப்பது பயன் தரும். கடவுச்சொற்களையும் அதே கொப்பியில் எழுதலாம். தொலைவிலிருந்து தட்டும் நிரலுக்கு அலுமாரிக்குள் இருக்கும் கொப்பி எட்டாது. எழுதக்கூடாதென்ற பழைய அறிவுரை அலுவலக மேசைகளுக்குப் பொருந்தியது, முதியோர் வாழும் வீட்டுக்கு அன்று.

அயலவர் றவுட்டரின் தொழிற்சாலைக் கடவுச்சொல் தெரியுமென்று அதனைத் திறந்து பார்ப்பது இளைஞர்களுக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அதிகாரமின்றி ஒரு கணினியை அணுகுவதே குற்றமாகும். தம் வீட்டுக் கருவியில் எவரோ புகுந்துவிட்டதாக ஐயுறுவோர், றவுட்டரின் மின்னிணைப்பை நீக்கிவிட்டுச் சேவை வழங்குநருக்கு அறிவிப்பதோடு, கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கையாள 2006 இல் நிறுவப்பட்ட இலங்கை செர்ட் அமைப்பிடமும் முறையிடலாம்.

விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் பெற்றோருக்குப் புதிய தொலைபேசியும் புதிய கமராவும் கொண்டுவருகிறார்கள். திரும்பிப் போவதற்கு முன், ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, வீட்டில் இருக்கப்போகும் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் அமர்த்தி, நிர்வாகப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே மாற்றச் செய்து, புதியதை எழுதி அவர்களிடமே கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.